குழாய் மாமா செத்துப்போன பக்கம்

அந்தப் புத்தகத்தை வாங்கியது நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். வாங்கியவர் என் கணவர். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்கு ரெயின்கோட் வாங்கப் போனவர், ரெயின்கோட் இல்லாமல், கெட்டி அட்டை போட்ட ஒரு பெரிய படக்கதைப் புத்தகத்தோடு திரும்பி வந்தார். அட்டை முழுக்கக் கடல். நடுவில் பச்சை உடம்போடு, காதுக்குப் பின்னால் செவுள் வைத்த ஓர் இளைஞன். அவனுக்கு எதிரில் தொப்பையும் கண்ணாடி முகமூடியுமாக ஒரு தடியன். முகமூடியிலிருந்து ஒரு குழாய் கிளம்பி அவன் முதுகில் இருந்த இயந்திரத்துக்குள் போனது.

புரட்டிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட ஆங்கிலம் இல்லை.

"ஏங்க, இது பிரெஞ்சுங்க."

"தெரியும். அதான் நீ படிச்சிருக்கியே."

பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தால் மார்க் வரும் என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் எடுப்போம். நானும் எடுத்தேன், காலேஜிலும் தொடர்ந்தேன், மார்க்கும் வந்தது. அந்த பிரெஞ்சை வைத்து என் குடும்பத்தைப் பற்றிப் பத்து வரி எழுதுவேன். ரயில் நிலையத்துக்கு வழி கேட்பேன். கடலுக்கடியில் இரண்டு பேர் அடித்துக்கொள்ளும்போது என்ன பேசிக்கொள்வார்கள் என்பது எங்கள் பாடத்தில் வரவில்லை. ஆனால் இதைக் கணவரிடம் ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அதுதான் முதல் தப்பு. ஃபோனில் மொழிபெயர்க்கும் வசதி இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அத்தனை வருடம் படித்துவிட்டு ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்பதா என்ற வீம்பு.

ஆகவே கதையை நானே சொன்னேன். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் மடியில் உட்கார்ந்துகொள்வாள். நான் படத்தைப் பார்த்து, தெரிந்த நாலைந்து வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு, மீதியை வாய்க்கு வந்தபடி இட்டு நிரப்புவேன். செவுள் வைத்தவனுக்கு 'மீன் அண்ணன்' என்று பெயர் வைத்தேன். வில்லனுக்கு அவளே பெயர் வைத்தாள். குழாய் மாமா.

"மாமா இல்லடா, அவன் கெட்டவன்."

"கெட்ட மாமா," என்றாள். அதற்கு மேல் இறங்கிவரவில்லை.

அவளுக்கு அவனை ஏன் பிடித்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. படம் போட்டவருக்கும் அவனைத்தான் பிடித்திருந்தது என்பது பார்த்தாலே தெரியும். மீன் அண்ணனுக்கு எல்லாப் பக்கத்திலும் ஒரே முகம், கோபத்திலும் சந்தோஷத்திலும் அதே தாடை. குழாய் மாமாவுக்கோ கண்ணாடிக்குள் ஒற்றைப் புருவம் தூக்கியிருக்கும், ஒரு கட்டத்தில் தொப்பையைத் தட்டிக்கொண்டிருப்பான், ஒரு கட்டத்தில் நண்டு ஒன்று அவன் காலணியில் ஏறுவதைச் சண்டைக்கு நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அவனுடைய திட்டம் கடலையே உறிஞ்சி எடுப்பது என்று நான் சொல்லியிருந்தேன். நிஜத்தில் என்ன திட்டமோ.

என் மகளுக்கு மூன்று வயதிலிருந்து வீசிங் உண்டு. மழைக்காலத்திலும், தெருவில் யாராவது குப்பை கொளுத்தினாலும் வந்துவிடும். அதற்காக வீட்டில் ஒரு நெபுலைசர் வைத்திருக்கிறோம். சின்ன டப்பா மாதிரி இருக்கும், கிர்ரென்று சத்தம் போடும், அதிலிருந்து ஒரு குழாய் வந்து முகமூடியில் சேரும். மருந்து புகையாக வரும், பத்து நிமிடம் மூச்சில் இழுக்க வேண்டும். அவளை அதில் உட்காரவைப்பதற்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கார்ட்டூன் போட்டுப் பார்த்தேன், சாக்லேட் தருவதாகச் சொன்னேன், கெஞ்சினேன், ஒருமுறை அடித்தும்விட்டேன். பிறகு, அந்த வருட மழையில், அவளாகவே உட்கார ஆரம்பித்தாள். முகமூடியைப் போட்டுக்கொண்டு ஒற்றைப் புருவத்தைத் தூக்கப் பார்ப்பாள். இரண்டும் சேர்ந்துதான் தூக்கும். வளர்ந்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். குழந்தை மருத்துவரிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

வகுப்பில் 'எனக்குப் பிடித்த வீரர்' என்று படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். மற்றக் குழந்தைகள் போலீஸ், கிரிக்கெட் ஆட்டக்காரர், அப்பா என்று வரைந்திருக்க, இவள் குழாய் மாமாவை வரைந்திருக்கிறாள். அதோடு விட்டாளா? பக்கத்தில் உட்கார்ந்த குழந்தையின் தண்ணீர் பாட்டிலில் ஸ்ட்ராவை வைத்து, "உன் கடல உறிஞ்சிடுவேன், எல்லா மீனும் செத்துடும்," என்றிருக்கிறாள். அந்தக் குழந்தை அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை. அதன் அம்மா பள்ளிக்கே வந்துவிட்டார்.

"கொழந்த நல்லாப் படிக்கிறா மா, அதுல கொறையில்ல," என்றார் டீச்சர். "ஆனா எல்லாரும் நல்லவங்கள வரையறாங்க, இவ மட்டும் வில்லன வரையறா. வீட்டுல கொஞ்சம் என்னான்னு பாருங்க."

வீட்டில் என்னவென்று பாருங்கள். இந்த ஒரு வாக்கியம் போதும் எனக்கு, மூன்று நாள் சோறு இறங்காது. என் மகள் ஏன் கெட்டவன் பக்கம் நிற்கிறாள்? நான் அதிகமாகத் திட்டுகிறேனா? அவள் எதிரில் நாங்கள் சண்டை போட்டோமா? தவளக்குப்பத்தில் பைக் ஷோரூமில் வேலை பார்க்கும் கணவருக்கு மத்தியானமே ஃபோன் செய்தேன்.

"வில்லன் வரைஞ்சான்னா என்னா இப்ப? நல்லா வரைஞ்சாளா?"

"அதுவா முக்கியம்?"

"கஸ்டமர் நிக்கிறாங்க, வெச்சிடறேன்," என்று வைத்துவிட்டார். கஸ்டமர் எப்போதும் சரியாக அந்த நேரத்தில்தான் நிற்பார்.

அன்று சாயங்காலம் நான் செய்ததுதான் பெரிய தப்பு.

அந்தப் புத்தகத்துக்கு முடிவு கிடையாது. கடைசி இரண்டு மூன்று தாள்களை யாரோ கிழித்திருந்தார்கள். கடைசியாக இருந்த பக்கத்தில் மீன் அண்ணன் குழாய் மாமாவின் குழாயைப் பிடித்து இழுக்கிறான், குழாய் மாமா கையை நீட்டி ஏதோ சொல்கிறான், அவ்வளவுதான். அதுவரை நான் "மிச்சம் அடுத்த புக்குல இருக்கு" என்று சமாளித்துவந்தேன். அன்று புத்தகத்தை நானாகவே எடுத்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்து, முடிவு சொன்னேன்.

மீன் அண்ணன் குழாயைப் பிடுங்கிவிட்டான். குழாய் மாமாவுக்கு மூச்சு முட்டியது. தவித்தான், துடித்தான், செத்துப்போனான். கடலெல்லாம் கைதட்டியது. "ஏன் தெரியுமா? அவன் கெட்டவன். நல்லவங்களுக்குக் குழாயே வேணாம். மீன் அண்ணனப் பாரு, அவனுக்குக் குழாய் இருக்கா?"

இந்த வார்த்தைகளை நான்தான் சொன்னேன். மூச்சு முட்டும் குழந்தையைப் பெற்றவள், பி.காம். படித்தவள். டீச்சர் சொன்னது காதில் ஓடிக்கொண்டிருந்தது, வேறு எதுவும் ஓடவில்லை.

மகள் கேட்டுக்கொண்டாள். அழவில்லை. "சரி," என்று எழுந்து போய் இட்லி சாப்பிட்டாள். அப்பாடா, தலைமுழுகியாயிற்று என்று நான் புத்தகத்தை பீரோவின் மேல் தட்டில் வைத்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து மழை பிடித்தது. மூன்று நாள் விடாத மழை, வீட்டுக்குள் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தேன், ஈர வாடை. மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு அவளுக்கு இருமல் இழுப்பாக மாறியது. அந்த மாறும் சத்தம் எனக்கு அடுப்படியில் இருந்தாலும் கேட்கும். மருந்தை ஊற்றி, இயந்திரத்தைப் போட்டு, முகமூடியை நீட்டினேன்.

தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"போட்டுக்கோ டா."

"வேணாம்."

"வெளாடற நேரமா இது?"

"குழாய் வெச்சா செத்துடுவாங்க."

"அது கதைடா," என்றேன். "எந்தப் பக்கத்துல செத்தான்? காட்டு," என்றாள். எதைக் காட்டுவது? அவளை இழுத்து மடியில் அழுத்தி, முகமூடியை வலுக்கட்டாயமாக வைத்தேன். அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். இழுக்கிற மூச்சே இல்லாத குழந்தை, அதையும் அடக்கிக்கொண்டது. பிறகு ஓவென்று அழுதாள். மருந்தெல்லாம் வீட்டுக்குள் புகையாகப் போனது. விலா எலும்புக்கு நடுவில் தோல் குழிந்து குழிந்து மேலே வந்ததைப் பார்த்த பிறகு நான் யோசிக்கவில்லை. மருத்துவ ஃபைல், ஜிப் கவரில் அவளுடைய முகமூடி, எதற்கென்று தெரியாமலே பீரோ மேலிருந்த அந்தப் புத்தகம், எல்லாவற்றையும் பையில் திணித்தேன். வீட்டில் ரெயின்கோட் இல்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. தலையில் டவலைப் போட்டு ஸ்கூட்டியில் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் குழந்தை மருத்துவரிடம் போனேன்.

மழைக்கு அங்கே எல்லாக் குழந்தைகளும் இருமிக்கொண்டிருந்தன. எங்களைப் பார்த்ததும் நர்ஸ் வரிசையைத் தாண்டி உள்ளே அழைத்துக்கொண்டார். ஒரு மூலையில் பெஞ்சு, சுவரோரம் மேசையில் இயந்திரம். ஏற்கெனவே ஒரு பெண்மணி கைக்குழந்தையை மடியில் போட்டு மருந்துப் புகை காட்டிக்கொண்டிருந்தார். வைத்திக்குப்பத்திலிருந்து வருகிறாராம், மீன் விற்றுக்கொண்டிருந்த கூடையை அப்படியே இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு ஓடிவந்ததாகச் சொன்னார். அவர் குழந்தை சமர்த்தாகக் கிடந்தது.

நர்ஸ் முகமூடியை எடுத்தார். என் மகள் இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள்.

"பாப்பா, கைய எடு கண்ணு. ஊசியா போடறாங்க?"

மாட்டேன் என்று தலை ஆடியது.

"நீங்க கையப் புடிங்க மா." பிடித்தேன். அவள் திமிறி, இருமி, அழுதாள். நர்ஸ் விட்டுவிட்டார். "இப்பிடி அழுதா மருந்து உள்ள போவாது மா. எப்பவும் நல்லா வெச்சிக்குவாளே, இன்னா ஆச்சி?"

டாக்டர் வந்து நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார், விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். முகம் மாறவில்லை, ஆனால் பேச்சு சுருங்கிவிட்டது. "பத்து நிமிஷம் பாக்கலாம். மருந்து உள்ள போனா இங்கயே சரியாயிடும். போகலன்னா கதிர்காமம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், அட்மிட் பண்ணிடுங்க. லேட் பண்ணக் கூடாது."

பத்து நிமிடம். கணவருக்கு ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. அந்த மேசையும் பெஞ்சும் நர்ஸும் அந்த அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்க, நான் என் மகள் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

"அம்மா பொய் சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"குழாய் மாமா சாவல. அம்மாவே இட்டுக்கட்டிச் சொன்னேன்." புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, கிழிந்த தாள்களின் பிசிறைத் தொட்டுக் காட்டினேன். "பாரு, பக்கமே இல்ல. என்னா ஆச்சின்னு அம்மாக்குத் தெரியாது."

"அப்ப..." ஒரு மூச்சு. "இதுல..." இன்னொரு மூச்சு. "என்னா... சொல்றான்?"

குழாய் மாமாவின் வாயிலிருந்து கிளம்பிய வட்டத்துக்குள் இரண்டு வரி. நான் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். "அதாவது, அவன் என்ன சொல்றான்னா..."

"நீ வேணாம்." அவள் விரல் என் ஃபோனைக் காட்டியது. "அது சொல்லட்டும்."

மீன்கார அம்மா சிரித்துவிட்டார். "ஐயே, பெத்தவள நம்பல, ஃபோன நம்புது பாரேன்! என்னாமா சொன்ன அந்தக் கொழந்த கிட்ட?"

சொல்லுகிற நிலையிலா இருந்தேன்? பல வருடப் படிப்பையும் மதிப்பெண் பட்டியலையும் அந்த பெஞ்சிலேயே கைகழுவிவிட்டு, ஃபோன் கேமராவைப் புத்தகத்தின்மேல் பிடித்தேன். ஃபோன் முதலில் பக்கத்தின் ஓரத்திலிருந்த பொடி எழுத்தைப் பிடித்துக்கொண்டு, "எட்டாவது அத்தியாயம் தொடரும்" என்பது மாதிரி என்னவோ பெண் குரலில் கத்தியது. மூடிவிட்டு மறுபடி பிடித்தேன். இந்தமுறை சரியான வட்டம்.

"என் குழாயிலிருந்து உங்கள் கைகளை அகற்றுங்கள், ஐயா. அதை நானே பிடித்துக்கொள்வேன்."

பேங்கில் டோக்கன் எண் கூப்பிடுகிற அதே குரல். வரவேற்பறை வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு ஒன்று உறைத்தது. அவன் 'ஐயா' என்கிறான். அத்தனை மாதமாக நான் அவனை 'டேய், ஒன்ன ஒழிச்சிடுவேன்' என்று தொண்டையைக் கரகரப்பாக்கிப் பேசவைத்திருக்கிறேன். அவன் மரியாதைக்காரன்.

"இன்னொருவாட்டி," என்றாள் மகள்.

இன்னொருமுறை ஃபோன் சொன்னது. மூன்றாவது முறையும் சொன்னது. அவள் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸின் கையில் முகமூடி இருந்தது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, எங்கள் வீட்டில் யாரும் பேசாத அந்தத் தமிழில் சொன்னாள்: "என் குழாயிலிருந்து... கைகளை..."

மிச்சம் வரவில்லை. நர்ஸுக்கு என்ன புரிந்ததோ, முகமூடியை அவள் மடியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "எடுத்துட்டேன் ஐயா. நீங்களே புடிச்சிக்கோங்க ஐயா."

பிடித்துக்கொண்டாள். அவளே முகத்தில் வைத்து, எலாஸ்டிக்கைக் காதுக்குப் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் சரிசெய்யக் கையை நீட்டினேன். ஒரு முறைப்பு. கையை எடுத்துவிட்டேன். இயந்திரம் கிர்ரென்றது. முதல் இரண்டு நிமிடம் மூச்சு மேலேயே நின்றது. நான் அவள் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழி விழுகிறதா, இல்லையா, விழுகிறது, கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, இல்லை, என் ஆசையா? நர்ஸ் வந்து பார்த்து, "எறங்குது மா," என்ற பிறகுதான் முட்டி வலிப்பது தெரிந்து எழுந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் கணவர் திருப்பி அழைத்தார்.

"கஸ்டமர் இருந்தாங்க. என்னா?"

"ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரில இருக்கோம். சரியாயிட்டு வருது. நீங்க வரும்போது ரெயின்கோட் வாங்கிக்கினு வாங்க."

"என்னாது? ஆஸ்பத்திரியா? எந்த ஆஸ்பத்திரி? இதோ வந்துட்டேன்," என்று பதறினார். பதறட்டும் என்று வைத்துவிட்டேன்.

மருந்து முடிந்து, டாக்டர் மறுபடி நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, கதிர்காமம் வேண்டாம், அரை மணி நேரம் இங்கேயே இருந்துவிட்டு இன்னொருமுறை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் மகள் பயப்படுவாள் என்று அடக்கினேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. கன்னத்தில் முகமூடியின் வட்டத் தடத்தோடு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டிருந்தாள். இருமினாள், அது ஈரமான, இளகிய இருமல். எனக்கு அந்தச் சத்தமே போதும்போல் இருந்தது.

"ம்மா. இவன் கடல உறிஞ்சறான்னு சொன்னியே. அது எங்க போட்டிருக்கு?"

"தெரியல டா. அது அம்மா நெனச்சிக்கினேன்."

"இந்த ஆக்டோபஸ் மீன் அண்ணனோட சித்தின்னு சொன்னியே?"

"அதுவும்."

மீன்கார அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர், நின்றுவிட்டார். "சித்தியா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

"அவன் கெட்டவன்னு எங்க போட்டிருக்கு?"

இதற்காவது பதில் இருக்கும் என்று பக்கம் பக்கமாக ஃபோனைப் பிடித்தேன். குழந்தைக்கு நல்லது கெட்டது தெரிய வேண்டாமா? டீச்சருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? ஒன்பதாம் பக்கத்தில் கிடைத்தது. மீன் அண்ணன் விரலை நீட்டிச் சொல்லும் வட்டத்தின்மேல் பிடித்ததும் ஃபோன் தெளிவாகச் சொன்னது: "நீங்கள் ஒரு மோசமான மனிதர்."

"பாத்தியா," என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷம் என் குரலில்.

அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது இவன் சொல்றான்," என்று மீன் அண்ணனின் தாடையில் விரலை வைத்தாள். "இவன் சொன்னா? இவன்தான் குழாயப் புடுங்கறவன்."

நர்ஸ் இரண்டாவது முறைக்கு மருந்தை ஊற்றிக்கொண்டு வந்தார். என் மகள் அவசரப்படாமல், நானோ நர்ஸோ தொடுவதற்கு முன்னால், முகமூடியை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டாள். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பி, அதன்மேல் ஃபோனைப் பிடிக்கும்படி எனக்குச் சைகை காட்டினாள்.